புதைத்தால் தீர்ந்துவிடாது

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் கண்டு மாடு செத்த ஊரில் "குழி வெட்டிப் புதைச்சாச்சு, இனி பயமில்ல" என்று சொல்லாதவர் குறைவு. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். மண் எதையும் செரித்துவிடும் என்று நம்புகிறோம். அடைப்பான் கிருமியை மண் செரிப்பதில்லை.

காற்றுப் பட்டால் இந்தக் கிருமி கெட்டியான உறைக்குள் ஒடுங்கி வித்தாக மாறிவிடும். ராபர்ட் கோக் இதை 1876-லேயே காட்டிவிட்டார். ஆடுகளைப் புதைத்த வயல்களில் மண்புழுக்கள் அந்த வித்துகளை மேலே கொண்டுவருகின்றன என்று லூயி பாஸ்டர் 1880-இல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் 1942-இல் அடைப்பான் குண்டைச் சோதித்த ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில், 1986-இல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து மண் முழுக்கத் தெளிக்க வேண்டியிருந்தது. ஆபத்து நீங்கியதாக அறிவித்தது 1990-இல்தான்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் வரலையே" என்பவர்கள் சைபீரியாவின் யமால் பகுதியைப் பார்க்கட்டும். 1941-க்குப் பிறகு அங்கே நோய் தலைகாட்டவில்லை. அந்தத் தைரியத்தில் 2007-இல் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதையும் நிறுத்தினார்கள். 2016 கோடையில் உறைமண் இளகியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான்.

மண்ணைச் சோதித்துவிட்டோம், கிருமி இல்லை என்பதும் அரைகுறை ஆறுதல்தான். மண் கரைசலைச் சூடாக்கினால் மற்ற பல கிருமிகள் செத்து வித்துகள் மிஞ்சும். ஆனால் அடைப்பான் கிருமியின் தீங்கில்லாத உறவுக் கிருமிகளின் வித்துகளும் கூடவே மிஞ்சி, தேடுவதை மறைத்துவிடும். "இல்லை" என்ற முடிவு அள்ளிவந்த அந்தப் பிடி மண்ணுக்கு மட்டுமே பொருந்தும், பக்கத்து வரப்புக்குக்கூடப் பொருந்தாது.

நோயைப் பிடிக்க வேண்டிய இடம் செத்த மாடு. திடீர்ச் சாவு, உப்பிய வயிறு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் என்றிருந்தால் அறுக்கவே கூடாது. மருத்துவர் காது ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றுவார். நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அடைப்பான்தான். அறுக்காத உடலுக்குள் கிருமிகள் பெரும்பாலும் அழுகலிலேயே அழிந்துபோகும். தோலுக்காகவும் கறிக்காகவும் கத்தி வைப்பவர்தான் அவற்றுக்குக் காற்றைக் கொடுக்கிறார்.

எரிப்பதே முதல் வழி. புதைக்கத்தான் வேண்டுமென்றால் ஆழமாகப் புதைத்து, வேலி போட்டு, இடத்தை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அங்கே மேய்ச்சல் வேண்டாம். ராணிப்பேட்டையில் அடைப்பான் தடுப்பூசி தயாராகிறது. நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் அதைப் போடச் சொல்லிக் கால்நடை மருந்தகத்தை விடாமல் கேளுங்கள்.