திதி இல்லாத மரணங்கள்

எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு அவரவர் திதியில் படையல் போடுவது வழக்கம். தாத்தாவுக்கு ஒரு நாள், பெரியப்பாவுக்கு ஒரு நாள். ஆனால், பாட்டி தம் அப்பாவுக்கு மட்டும் ஆடி அமாவாசையன்றுதான் இலை போடுவார். சிறுவயதில் ஒருமுறை காரணம் கேட்டேன். "அவரு செத்த நாளு யாருக்குய்யா தெரியும்? சயாமுக்குப் போனாரு. திரும்பி வரல" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து 1943-இல் போனவர் அவர். அப்போது பாட்டிக்கு மூன்று வயது. அப்பாவின் முகம் அவருக்கு நினைவில்லை. வீட்டில் புகைப்படமும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரு பெயர் மட்டும்தான்.

நண்பர்களே, இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு தாத்தாவோ, சின்னத்தாத்தாவோ இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

உலகப் போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஹிட்லர், ஹிரோஷிமா, ஆங்கிலத் திரைப்படங்கள். அந்தப் போர் நம் லயத்து வாசலுக்கே வந்ததை நாம் மறந்துவிட்டோம். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றதும் தோட்டங்களில் வேலை போயிற்று. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சாக்கைத் தைத்து உடுத்தினார்கள்.

பர்மாவில் போரிட்ட தம் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானியருக்கு ஆபத்தாக இருந்தது. எனவே, சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம் என்று தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். ஆசை காட்டியும் ஆள் போதாதபோது கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். சில இடங்களில் மனைவி மக்களோடு குடும்பமாகவே போனார்கள்.

மூன்று மாதம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியது. மலேரியாவும் சீதபேதியும் கூடவே வந்தன. முள் குத்திய சிறு காயம்கூட அழுகிய புண்ணாகிக் காலையே தின்றது. 1943 அக்டோபர் 17-இல் இரு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் ஒன்றுசேர்ந்தன. பாதை முடிந்த பிறகும் அதைப் பழுதுபார்க்கவும் விறகு வெட்டவும் பலரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து சென்றவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். "80,000 முதல் 1,00,000 வரை" என்ற சொற்றொடரைச் சற்று நின்று படியுங்கள். இடையில் இருக்கும் அந்த இருபதாயிரமும் மனிதர்கள்தாமே? அவர்கள் இறந்தார்களா இல்லையா என்பதே கணக்கில் உறுதியாகவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர்களோடு காஞ்சனபுரிக்குச் சென்றேன். ஊர் நடுவே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெட்டிவிட்ட புல்வெளியில் சுமார் 7,000 கல்லறைகள். கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது. யார் பெற்ற பிள்ளைகளோ, எங்கேயோ பிறந்து இங்கே வந்து மாண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த மரியாதையைக் கண்டு எனக்கு வருத்தமில்லை. அதுதான் முறை. என் பூட்டனுக்கும் அதே முறை ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

காரணம் புரியாததன்று. கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் இறந்தவர் பட்டியலை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-இல் ஒரு குழு பாதை நெடுகிலும் தேடிச் சென்று 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. நம்மவர்களுக்கு அப்படிப் பட்டியல் வைக்க யாருமில்லை. தேடிப் போகவும் யாருமில்லை. குழியில் ஒன்றாகப் போட்டு மூடியதோடு கதை முடிந்தது.

இந்த வேற்றுமை சயாமில் தொடங்கியதும் அன்று. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதன் அறிக்கை கூறியது. படைவீரனுக்கே இந்த நிலை என்றால், கையில் ஆயுதமே ஏந்தாத தோட்டத் தொழிலாளியை யார் நினைப்பார்?

வெள்ளைக்காரனையும் ஜப்பான்காரனையும் குறை கூறுவது எளிது. நாம் என்ன செய்தோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் பேசும்போது நம் குரல் உயர்கிறது. ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தியதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால், அதே லயத்திலிருந்து சயாமுக்குப் போனவனைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கம். அவன் போரிடவில்லை, முழக்கமிடவில்லை. ஏமாந்து போய்ச் செத்தான். அதில் பெருமை கொள்ள என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம் போலும். வீரம் இருந்தால்தான் நினைவு உண்டு என்றால், போரில் மாண்டவர்களில் பெரும்பாலோரை நாம் மறந்துவிட வேண்டியதுதான்.

2023-ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் இத்தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது நம் முன்னோர் மரபு. கூலிக்குப் போய் மாண்டவனுக்கும் அந்த மரியாதையைத் தந்தது மிக நல்ல செயல். ஆனால், நடுகல்லில் மாண்டவன் பெயரைப் பொறிப்பதும் அதே மரபுதான். பொறிக்க வேண்டுமென்றால் முழுமையான பெயர்ப்பட்டியல் நம்மிடம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் நம் கழகத்துக்கு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கலைவிழாவும் நடத்துகிறோம். அவற்றோடு இதையும் செய்யலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கட்டும். சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா, இதைச் சொன்னவர் யார் என்று ஐந்து விவரம் போதும். பெரியவர்களின் குரலைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். முன்னாள் மாணவர்களும் உதவினால், சில ஆண்டுகளில் நூலகத்தில் வைக்கத் தகுந்த ஒரு பதிவேடு உருவாகும். அக்டோபர் 17-ஆம் நாள் அந்தப் பெயர்களைக் கூடிப் படிப்போம்.

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். இது யார்மீதும் பழி தீர்க்கும் முயற்சியன்று. ஜப்பானுக்குப் படிக்கப் போகும் நம் நண்பர்கள் தாராளமாகப் போகட்டும். போருக்குப் பிறகு பிறந்தவர்களோடு நமக்குப் பகையில்லை. ஆனால், காலம் நமக்காகக் காத்திருக்காது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அன்றைய குழந்தைகளுக்கு இன்று எண்பது வயதுக்கும் மேல். அவர்கள் போய்விட்டால், கேட்க ஆளிருந்தும் சொல்ல ஆளிருக்காது.

இந்த ஆடி அமாவாசையன்று பாட்டியின் அருகில் உட்கார்ந்து, அவருடைய அப்பாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "சரியா இருக்கு" என்றார்.

என்னிடம் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயரையும் கொண்டு வாருங்கள்.