40 வருசத்துக்கு மேலா தற்காலிகம்

‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் வேணாலும் இருக்கட்டும். அரசாங்கத்துக்கு அதில் ஒரே பொருள்தான்: முடியும்வரை வேலை வாங்கிக்கலாம், முடியாமப் போனா கைகழுவிடலாம்.

சத்துணவுத் திட்டத்தையே எடுத்துக்குவோம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கியது. 2024-லேயே 42 வருசம் ஆச்சு. கலைஞர் முட்டை போட்டார், ஜெயலலிதா கலவை சாதம் கொண்டுவந்தார். ஆட்சி மாறினாலும் ஒருத்தரும் இந்தத் திட்டத்தை நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. ஆனா அந்த அடுப்படியில் நிற்கிற அம்மா மட்டும் இன்னும் நிரந்தர ஊழியர் இல்லை. அவருக்குக் கொடுப்பது ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. அந்த ‘சிறப்பு’ என்னன்னு ஓய்வு பெறும் அன்னைக்குத்தான் தெரியும்.

2024 கணக்குப்படி, சமையலருக்கும் சமையல் உதவியாளருக்கும் மொத்தமாக 50,000 ரூபாய். அமைப்பாளருக்கு 1 லட்சம். அதுக்கப்புறம் மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். அகவிலைப்படி கிடையாது. அரிசி விலை ஏறினாலும், மாத்திரை விலை ஏறினாலும், அப்போ அதே 2,000 தான். நிரந்தர அரசு ஊழியராக இருந்து பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமே 7,850 ரூபாய். அதுக்கு மேல அகவிலைப்படி தனி.

இன்னொரு கணக்கு சொல்றேன். 2024-ல் தகுதியுள்ள முதியோருக்கு அரசு கொடுத்த உதவித்தொகை 1,200 ரூபாய். இந்த அம்மா ஒருநாள்கூட கரண்டி பிடிக்காம இருந்திருந்தாலும் அது கிடைச்சிருக்கலாம். அப்படின்னா, 25 வருசம் புகையிலும் சூட்டிலும் நின்னதுக்கு அரசாங்கம் அப்போ கூடுதலாகப் போட்ட விலை மாதம் 800 ரூபாய். 2024-ல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 319. மூணு நாள் மண்ணு வெட்டினா அந்த 800 வந்துடும்.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைச்சு ஓய்வு பெற்ற அக்கா ஒருத்தர் இப்போ களையெடுக்க வர்றாங்க. முட்டி மடங்காது. வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எடுப்பாங்க. அந்த அக்கா ஆக்கிப்போட்ட சோத்தைத் தின்ன பசங்கள்ல சிலர் இன்னைக்கு உங்க ஊர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்காங்க.

“அது பகுதி நேர வேலைதானே” என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். காலையில் போய் அரிசி பருப்பு எடுத்து, காய் நறுக்கி, ஆக்கி, முட்டை உரிச்சு, பரிமாறி, அண்டா கழுவி வீடு திரும்ப என்ன நேரம் ஆகும்? அதுக்கப்புறம் அவர் எந்தக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போக முடியும்? விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து எடுத்த வேலை இது. கைவிடப்பட்டவர்னு சொல்லி வேலைக்கு எடுத்துட்டு, வயசானதும் அரசாங்கமே இரண்டாவது தடவை கைவிடுது.

சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. குஜராத் அங்கன்வாடி ஊழியர்கள் வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது: அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972-ம் வருடப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். இதை வெறும் பகுதி நேர வேலை என்று தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது. அங்கன்வாடி வேலை, 2013-ம் வருட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நடக்கும் கடமை என்பது நீதிமன்றம் காட்டிய முக்கியமான காரணம். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடும் அதே சட்டத்தில்தானே இருக்கு? அங்கன்வாடிக்கு ஒரு நியாயம், பக்கத்துக் கட்டிடத்து சத்துணவுக்கூடத்துக்கு ஒரு நியாயமா?

அந்தச் சட்டம் போட்ட கணக்குப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடை. கடைசிச் சம்பளம் 10,000 ரூபாய், 25 வருச வேலை என்று வைத்துக்கொண்டால் 1,44,230 ரூபாய் வரும். 2024-ல் கையில் கொடுத்தது 50,000.

இதில் பெரிய கூத்து என்னன்னா, கதை திரும்பவும் முதல்ல இருந்து தொடங்குது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனா கிராமங்களில் சமைப்பது யார்? மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். சத்துணவு அம்மாவுக்கு இருக்கிற அரைகுறை உரிமைகூட இவங்களுக்கு இல்லை. இன்னும் 25 வருசம் கழிச்சு இந்தப் பெண்களும் களையெடுக்க வரப்புக்குத்தான் வரணுமா?

“பணத்துக்கு எங்கே போறது, எங்க வரிதானே” என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவருக்கு வாழ்நாள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. அதை உயர்த்தும்போது ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சண்டை வந்து நீங்க பார்த்திருக்கீங்களா? கஜானா காலி என்ற பேச்சு அடுப்படிக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும்தான் எழும்புது.

கேட்பது சலுகை இல்லை. சட்டம் சொன்ன கணக்கில் பணிக்கொடை, அகவிலைப்படியோடு ஓய்வூதியம், இந்த ரெண்டுதான். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்க அபார்ட்மெண்ட் வாசலுக்கும் வருவாங்க. ரோடு, தண்ணி, மெட்ரோ எல்லாம் கேளுங்க. கூடவே, “அந்த ஓய்வூதியத்தில் நீங்க ஒரு மாசம் இருந்து காட்டுவீங்களா?”ன்னும் கேளுங்க.