ஏஐ ஏஜென்ட் வரட்டும். தப்பு நடந்தா பதில் சொல்ல ஆள் எங்கே?

டெல்டா விவசாயப் பெருமக்களே, இளைஞர்களே!

"இனிமே எல்லாத்தையும் ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கும்"னு மேடைக்கு மேடை பேசுறாங்க. அது என்னன்னு முதல்ல புரிஞ்சுக்குவோம்.

சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல், அடுத்து என்ன வார்த்தை வரும்னு கணிச்சு எழுதுது. இணையதளம் திறக்க, படிவம் நிரப்ப, விண்ணப்பம் அனுப்ப அதுக்கு அனுமதி கொடுத்தா, அதுதான் ஏஜென்ட். பேச்சோடு நிற்காது, வேலையையும் செய்யும். தப்பாச் செஞ்சாலும் அதே தைரியத்தோட செய்யும்!

ஒரு கணக்கு. ஒவ்வொரு படியையும் 100-க்கு 95 தடவை சரியாச் செய்யுதுன்னு வைங்க. ஒரு விண்ணப்பத்துக்கு 10 படி இருந்தா, கடைசி வரை தப்பில்லாமல் முடிவது 100-க்கு 60 தான். 20 படின்னா வெறும் 36. சிட்டாவில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி பெயர் இருக்கிற நம்ம ஊர் விவசாயிதான் முதலில் மாட்டுவார்.

பிஎம் கிசான் திட்டத்துக்கு 2023 செப்டம்பரில் 'கிசான் இ-மித்ரா' சாட்பாட் வந்தது. தமிழிலும் பேசும். தவணை வந்ததான்னு வீட்டிலிருந்தே கேட்கலாம், நல்லதுதான். ஆனா ஆண்டுக்கு அந்த 6,000 ரூபாய் யாருக்கு? நிலம் சொந்தப் பெயரில் இருக்கிற குடும்பத்துக்கு. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்கு உழுகிற தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயிக்கு? "தகுதி இல்லை" என்பதை நல்ல தமிழில் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்!

2025 அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசலிலேயே குறுவை நெல் முளைத்ததே, மறந்துட்டோமா? ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதை 22 ஆக்கச் சொல்லிக் கேட்டோம். அந்த நேரத்தில் நமக்குத் தேவைப்பட்டது சாக்கு, லாரி, தார்ப்பாய், முடிவெடுக்க ஒரு அதிகாரி. எந்த ஆப்பும் மூட்டையைத் தூக்கி உள்ளே வைக்காது.

"மனுஷன் மட்டும் யோக்கியமா? மூட்டைக்கு இவ்வளவுன்னு கேட்கிறது மனுஷன்தானே?" நியாயமான கேள்வி. இடைத்தரகர் ஒழியக் கணினி வரட்டும், வரவேற்போம். ஆனா மனுஷனுக்குப் பெயர் இருக்கு, பதவி இருக்கு. கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கலாம். மெஷினை எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது?

கனடாவில் இது நடந்தே விட்டது. ஏர் கனடா சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான சலுகை விவரம் சொன்னது. வழக்கு வந்ததும், சாட்பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், கம்பெனிதான் பொறுப்பு என்று இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விமான டிக்கெட்டுக்கே இந்த நியாயம் என்றால், நெல்லுக்கு?

எங்கள் கோரிக்கை மூன்று:

1. விவசாயியின் எந்த விண்ணப்பத்தையும் மெஷின் மட்டுமே நிராகரிக்கக் கூடாது. அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் வேண்டும்.

2. நிராகரித்த காரணம் எழுத்தில், தமிழில் வேண்டும்.

3. ஏஐ தப்பால் வரும் நஷ்டத்தை, அதைக் கொண்டுவந்த அரசே ஏற்க வேண்டும். மத்தியில் இருந்தாலும் சரி, மாநிலத்தில் இருந்தாலும் சரி.

உங்க விண்ணப்பம் காரணமே சொல்லாமல் நிராகரிக்கப்பட்டதா? கமெண்ட்டில் ஊர் பெயரை மட்டும் போடுங்க. ஆதார் எண், சர்வே எண் போடாதீங்க. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு உங்களோடு நாங்களும் வர்றோம்.

பகிருங்கள்!

#பதில்சொல்லஆள்வேண்டும் #டெல்டாவிவசாயி

– தகவல் தொழில்நுட்ப அணி, தஞ்சாவூர்