பிறப்பின் மீது பழி

'அப்பன் குடிகாரன், பிள்ளை வேறெப்படி இருப்பான்?' மாணவனின் பையில் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலம் அகப்பட்டதும் ஆசிரியர் அறையில் எழும் பேச்சு இது. அடுத்துப் பெற்றோரை வரவழைப்பார்கள். பல பள்ளிகளில் கூடவே மாற்றுச் சான்றிதழும் தயாராகிவிடும். இது அநீதி.

பரம்பரைக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. டென்மார்க்கில், குடிநோயாளிகளுக்குப் பிறந்து கைக்குழந்தையிலேயே வேறு வீடுகளுக்குத் தத்துப்போன ஆண்பிள்ளைகளை டொனால்ட் குட்வின் குழு ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு 18 பேர் குடிநோயாளி ஆனார்கள். மற்றத் தத்துப்பிள்ளைகளில் 5 பேர். பெற்றவரை அறியாமல் வளர்ந்தும் மூன்று மடங்குக்கு மேல் என்பது பெரிய வேறுபாடுதான். ஆனால் மீதி 82 பேரை ஊர் வாய் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சுபாவத்துக்கும் பங்குண்டு. யோசிக்காமல் பாய்வது, ஆபத்தில் ருசி காண்பது, ஓயாத அடிதடி: இவையெல்லாம் தொடக்கப்பள்ளியிலேயே கண்ணில் படுபவை. உதவிக்கு ஆள் தேட வேண்டிய அந்த வயதில் நாம் கொடுப்பது பிரம்படி.

வயதும் சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஆய்வின்படி, 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானவர்கள். 20 வயதிலோ அதற்குப் பின்போ தொடங்கியவர்களில் சுமார் 10 பேர்தான். ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைகள்தான் சீக்கிரம் தொடுகிறார்கள் என்று சிலர் வாதிடலாம். இருக்கட்டும், முதலில் காக்க வேண்டியதும் அவர்களைத்தானே?

ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதத்தினர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. அங்கே விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் செலவானது. பிள்ளைகள் இரவில் எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற விதியைப் பெற்றோர் கூடி நின்று காத்தார்கள். பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள்.

இங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சிறுவருக்கு மதுவோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கத் தடை 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. இத்தனை இருந்தும் விற்ற கடைக்காரர் மறுநாளும் கடை திறக்கிறார், வாங்கிய பையன் மட்டும் படிப்பை இழக்கிறான். மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் தன் கையில் வைத்திருக்கும் தமிழக அரசும் ஒதுங்க முடியாது. தந்தைக்கு விற்ற காசு கருவூலத்தில் இருக்கும்போது மகனின் பிறப்பைக் குறை சொல்வது வெட்கக்கேடு.

போதைப் பொருளோடு பிடிபட்ட மாணவனை வெளியேற்றும் வழக்கத்தை அரசு உடனே தடைசெய்ய வேண்டும். அவனைப் பள்ளிக்குள்ளேயே வைத்து மனநல ஆலோசகரிடம் அனுப்பட்டும். 77ஆவது பிரிவில் எத்தனை விற்பனையாளர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று, எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்ற கணக்கை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.