எண்ணெய் கசியும் இடம்

காஞ்சிபுரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு அதை ஓட்டுவதைக் காட்டிலும் திருப்புவதே பெரிய காரியம். காந்தி ரோட்டில் பட்டுக்கடைகளுக்கு வந்த வெளியூர் வண்டிகள் இருபுறமும் நிற்க, எஞ்சிய இடத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் எதிரெதிரே வர, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலோ காலை வேளையில் பாவை நீட்டிக் கட்டி வேலை செய்யும் நெசவாளர்களுக்கு இடையூறு நேராமல் ஒதுங்கிப் போக வேண்டியிருக்க, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முறுக்காமல் இவ்வூரில் யாரும் வீடு சேர முடியாது. திருப்புவதிலுள்ள சிரமத்தை வைகாசியில் நாம் ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிறோம். வரதராஜப் பெருமாளின் தேர் ராஜவீதி முனையில் வந்து நிற்கும்போது, வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளால் ஆகாத அந்தக் காரியத்தைச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலரே உயிரைப் பணயம் வைத்துச் சாதிக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேரை நிறுத்துவதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருப்பதைப் பலரும் அறிவார்கள். அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு பெரும் பாரத்தை அடக்கும் அதே தத்துவந்தான், நம் கார்களில் ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பும்படி இலேசாக்கியிருக்கிறது.

அமெரிக்காவில் பிரான்ஸிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் இந்தப் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் செலவை அஞ்சிய கம்பெனிகள் தயங்கியதால், 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார் வந்த பிறகே அது பொதுஜனங்களின் கைக்கு எட்டியது. என்ஜினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்ட ஒரு சிறு பம்ப், டப்பாவிலுள்ள எண்ணெயை உறிஞ்சி, கனமான ஹோஸ் வழியாக, சக்கரங்களை இழுக்கும் ராக்குக்கு அனுப்புகிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அளவுக்கேற்ப ஒரு வால்வு திறந்து, அவ்வெண்ணெயை இடப்புறமோ வலப்புறமோ செலுத்திக் கைக்குத் துணை செய்கிறது. வேலை முடிந்த எண்ணெய் வேறொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன; இப்போது வரும் சிறு கார்களில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்கிறதென்றாலும், எண்ணெயை நம்பி ஓடும் பழைய வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் ஏராளம்.

என்னுடையதும் அவ்வகையைச் சேர்ந்ததே. சென்ற மாதம் ஒரு நாள் காலையில், அது நின்ற சிமெண்டுத் தரையில் முன்சக்கரத்துக்குச் சற்று உட்புறமாகச் சிவந்த கறை ஒன்று தென்பட்டது. என்ஜின் ஆயிலாயின் கறுத்திருக்கும், ஏ.சி.யிலிருந்து சொட்டுவது வெறும் நீர்; ரேடியேட்டர் நீரோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். சிவந்த எண்ணெயில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியரும் என் வண்டியில் இல்லை; அது கையால் கியர் மாற்றுவது. ஆகவே அதில் சிவந்த எண்ணெய் இருக்கக்கூடிய இடம் பவர் ஸ்டீயரிங் ஒன்றே. மூடியைத் திறந்து பார்க்க, எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் தாழ்ந்திருந்தது. திருப்பும்போதெல்லாம் பம்பிலிருந்து எழுந்த முனகலுக்கும் காரணம் விளங்கிற்று.

நான் முதலில் கொண்டுபோன ஒரு பெரிய பணிமனையில், ராக்கின் ரப்பர் உறை நனைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, ராக்கையே மாற்றிவிட வேண்டுமென்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியின் இன்றைய மதிப்பில் கணிசமான பங்கை அத்தொகை விழுங்கிவிடும். நனைந்த இடத்தைக் கண்டவுடனே அதுதான் நோயின் ஸ்தானம் என்று தீர்மானித்துவிடும் இந்த அவசரம், இக்காலத்து யந்திர வைத்தியத்துக்கு நேர்ந்திருக்கும் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

ஊர்க்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். "பாய், ராக்கை மாத்தித்தான் ஆகணுமா?" என்று கேட்டதற்கு அவர், "முதல்ல துடைச்சிப் பார்ப்போம் சார். எங்கேருந்து வருதுன்னு தெரியாம எதைக் கழட்டுறது?" என்றார். அடிப்புறம் முழுவதையும் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்தினார். டப்பாவில் அளவாக எண்ணெய் ஊற்றினார். என்ஜினை ஓடவிட்டு, பட்டறைப் பையனை உட்கார்த்தி ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பச் சொல்லிவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எட்டியே நின்று பார்த்தார். தறியில் ஓர் இழை அறுந்தால், அது அச்சின் எந்தப் பல்லிலிருந்து நழுவியதென்று கண்டுகொள்ளும் வரையில் நாடாவைத் தொடாத நெசவாளியின் நிதானம் அவரிடம் இருந்தது.

சக்கரம் வலப்புறம் திரும்பி நின்ற ஒரு கணத்தில், கனமான ஹோஸின் ரப்பரும் இரும்புப் பூணும் சேரும் இடத்தில் கடுகளவு சிவப்புத் துளி ஒன்று அரும்பியது. திரண்டு, பூணைச் சுற்றி வந்து, ஹோஸின் அடிப்பக்கமாக ஊர்ந்து, குறுக்குச் சட்டத்தில் இறங்கி, அதன் விளிம்பு வழியே நெடுந்தூரம் போய், ராக்கின் உறை மேல் சொட்டிற்று. பாவம், குற்றம் சாட்டப்பட்டது அந்த ராக்! அதையும் சந்தேகமறப் பார்த்துவிட எண்ணிய பெரியவர், என்ஜினை நிறுத்தச் சொல்லி, உறையின் கிளிப்பைத் தளர்த்தி உட்புறம் விரலை விட்டுக் காட்டினார், ஈரமே இல்லை. உள்ளிருந்து எண்ணெய் கொட்டியிருந்தால் ராக்கின் சீல் போய்விட்டதென்று ஒப்புக்கொண்டிருக்கலாம்.

வண்டியைத் தாமே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். திருப்பும் நேரத்தில் அந்த ஹோஸில் சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேலும் அழுத்தம் ஏறக்கூடும். ஊசித்துளை வழியே சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். மேலே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. என்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். பெல்ட்டும் விசிறியும் அருகிலேயே சுழல்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

கடைகளில் விற்கும் கசிவு நிறுத்தும் மருந்தை ஊற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வயதான சீல் சற்று ஊதி இறுகுவதால் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கலாம்; வெடித்த ஹோஸுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. அவ்வப்போது எண்ணெய் ஊற்றிச் சமாளிப்பவர்கள், எண்ணெயே பம்புக்கு மசகு என்பதை நினைக்க வேண்டும். ஒரு நாள் அது வறண்டுபோக, பம்பும் உடன் போய்விடும். சூடான என்ஜின் பாகங்களின் மேல் அவ்வெண்ணெய் தெறித்தால் தீப்பற்றவும் கூடும்.

புதிய ஹோஸ் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. இணைப்புகளின் செப்பு வாஷர்களையும் ஓ-ரிங்கையும் பழையனவாகவே போடப் பெரியவர் சம்மதிக்கவில்லை. நசுங்கிய வாஷர் மறுபடி அடைக்காது என்பது அவர் அனுபவம். வண்டிக்கு விதித்த எண்ணெயையே ஊற்ற வேண்டுமென்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். சிவப்பு எண்ணெய்க்கென்று வைத்த சீல் வேறு எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடலாம். பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கை இருகோடிக்கும் பல தடவை மெதுவாகத் திருப்பி, டப்பாவில் குமிழி அடங்கும்வரை ஏர் எடுத்து, குறையக் குறைய எண்ணெய் சேர்த்து, அதன்பின் என்ஜினை ஓட்டிப் பார்த்தார். முனகல் அடங்கியிருந்தது. எண்ணெயில் நுரை நிற்குமானால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்.

புறப்படும்போது, "கோடி வரைக்கும் முறுக்கிட்டு அப்படியே பிடிச்சிட்டு நிக்காதீங்க சார், கொஞ்சம் தளர்த்தி விடுங்க" என்றார். கோடியில் அழுந்தப் பிடிக்கும்போது எண்ணெய் போக வழியின்றி அழுத்தம் உச்சிக்கு ஏறிச் சூடாகிறது. ஹோஸுக்கும் சீலுக்கும் அதுவே யமன். குறுகிய சந்துகளில் இப்படிப் பிடித்தபடி எதிர்வண்டிக்காகக் காத்து நிற்பது நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை அவர் மூடியிட்ட கேனில் வாங்கி, கழிவு எண்ணெய் எடுப்பவருக்கென்று ஒதுக்கி வைத்தார். மஞ்சள்நீர்க் கால்வாய் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் இந்த ஒன்றையாவது பின்பற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கால்வாயில் கொட்டும் எண்ணெய் போய்ச் சேருவது நத்தப்பேட்டை ஏரியில்.