பதினொரு வயதுக்குட்பட்ட அப்பாமார்

வெள்ளைக்காரர் நடத்தும் கிரிக்கெட் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது நாங்கள் எவ்வளவு ஒழுங்கான ஆட்கள்! படிவத்தில் பிறந்த திகதியை இரண்டு தரம் சரிபார்த்து எழுதுவோம். "இவர் மேல் பிரிவுக்குத்தான்" என்று கோச் சொன்னால் தலையாட்டிவிட்டு வருவோம். அதே நாங்கள் கோடை விடுமுறையில் எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ ஊர்ச் சங்கத்துச் சுற்றுப்போட்டிக்கோ வந்தால் ஆளே மாறிவிடுகிறோம். "என்ன தம்பி, ரெண்டு மாசம்தானே, விடுமன்" என்று தொடங்கும். "தலைவற்றை மகனை மட்டும் எப்படி விட்டனீர்?" என்பதில் வந்து நிற்கும். பதிவு மேசையில் இருப்பவன் சம்பளமில்லாமல் வந்த பல்கலைக்கழகப் பொடியன். அவன் என்ன செய்வான்? விட்டுவிடுகிறான்.

முதலில் விதியை வாசியுங்கள். எங்கள் சண்டைகளில் பாதி அதை வாசிக்காததால் வருபவை. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 11 வயதுக்குட்பட்டவர் என்றால், முந்தைய ஆண்டு ஓகஸ்ட் 31 நள்ளிரவில் 11 வயது நிரம்பாதவர். ஆகவே யூலையில் ஆடும் அந்த அணியில் பதினொரு வயதைத் தாண்டியவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். எதிரணியில் ஒரு பிள்ளை கேக் வெட்டிவிட்டு வந்தது என்பதற்காக நடுவரிடம் ஓடாதீர்கள். உதைபந்தாட்டத்துக்கும் அதே ஓகஸ்ட் 31. தேசிய நீச்சல் போட்டிகளுக்கு டிசம்பர் 31. அமெரிக்கச் சிறுவர் விளையாட்டு அமைப்பான லிட்டில் லீக்கில் பேஸ்போலுக்கு ஓகஸ்ட் 31, சொஃப்ட்போலுக்கு ஜனவரி 1 க்கு முன் நிரம்பிய வயது. கோடு எங்கே விழுந்தாலும் யாரோ ஒரு பிள்ளை ஒரு நாளால் மாட்டுப்படும். இம்முறை அது உங்களுடையது.

அந்தக் கோட்டை யாரோ பொழுதுபோகாமல் கீறவில்லை. கிரிக்கெட்டில் 13 வயதுக்குட்பட்ட பையன்கள் ஆடும் பந்து நாலே முக்கால் அவுன்ஸ், அதற்கு மேலே ஐந்தரை. பதின்மூன்று வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளனுக்குத் தொடர்ச்சியாக ஐந்து ஓவர், நாள் முழுக்கப் பத்து ஓவர்தான், முதுகெலும்பு இன்னும் முற்றவில்லை என்பதால். மீசை அரும்பிய ஒருவனைப் பத்து வயதுக்காரன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், ஹெல்மெட் தலையைக் காக்கும். விரலை? விலாவை?

இன்னொன்று உண்டு, இதைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. வயதைக் குறைத்து ஒருவனை உள்ளே விட்டால் வெளியே போவது யார்? ஓகஸ்டில் பிறந்த சின்னன். அந்த வகுப்பிலேயே இளையவன், தோள் இன்னும் விரியாதவன். ஏற்கெனவே இந்தக் கோடு அவனுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. உதைபந்தாட்ட அக்கடமிகளில் செப்டம்பர், ஒக்டோபரில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதையும் கோடையில் பிறந்தவர்கள் அருகிப்போவதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வோல்தம்ஸ்டோவில் 1993 யூலை 28 இல் பிறந்த ஹரி கேனை ஆர்சனல் ஒரே பருவத்தில் வெளியே அனுப்பியது; அப்போது எட்டு ஒன்பது வயது. பிறகு டொட்டன்ஹாம் எடுத்தது, மிச்சம் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஹரோ, ஈஸ்ட்ஹாம் பிள்ளைகளுக்குள்ளும் அப்படியொரு யூலைக்காரன் இருக்கலாம். அவனுடைய இடத்தில்தான் உங்கள் பன்னிரண்டரை வயது "பத்து வயதுக்காரர்" நிற்கிறார்.

இந்தியாவில் இந்த வயது மோசடி முற்றிப்போய், 16 வயதுக்குட்பட்ட பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது கிரிக்கெட் வாரியம். 2015 இல் பட்டோடி நினைவுரையில் ராகுல் டிராவிட் இந்த மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார். 2020 இல், தானாக ஒத்துக்கொள்பவருக்கு மன்னிப்பு, மறைத்துப் பிடிபடுபவருக்கு இரண்டு ஆண்டுத் தடை என்று வாரியம் அறிவித்தது. எங்கள் சங்கத்து மைதானத்துக்கும் எக்ஸ்ரே மெஷின் இறக்கவேண்டுமா?

2001 இல் டானி அல்மொன்டே என்ற பையன் நியூயோர்க்கின் பிராங்ஸிலிருந்து லிட்டில் லீக் பேஸ்போல் உலகத் தொடருக்கு வந்தான். ஒரு ஆட்டத்தில் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொட விடாமல் எறிந்து முடித்தான். அமெரிக்காவே அவனைக் கொண்டாடியது. பிறகு, 12 என்று பதிந்த பையனுக்கு 14 என்று தெரியவந்தது. பிறந்த ஆண்டு 1987, காட்டிய பத்திரத்தில் 1989. அணியின் வெற்றிகள் அத்தனையும் அழிக்கப்பட்டன. அப்பாவுக்கு லிட்டில் லீக்கில் ஆயுள்காலத் தடை. பத்திரம் பெரியவர்களின் வேலை, ஆனால் இருபது ஆண்டுக்கு மேலாக அந்தக் கதைக்குப் பெயர் பையனுடையது. உங்கள் மகனுக்கும் தன் வயது தெரியும். காரில் வரும்போது "யாரும் கேட்டால் பத்தெண்டு சொல்லு" என்று நீங்கள் சொன்னதும் அவனுக்கு மறக்காது.

கோடு பிழையென்று நினைத்தால் மாற்றக் கேளுங்கள், தாராளமாக. லிட்டில் லீக்கே ஏப்ரல் 30 ஐ விட்டுவிட்டு 2018 இலிருந்து ஓகஸ்ட் 31 க்கு வந்தது. சங்கத்துப் பொதுக்கூட்டம் மாரியில் நடக்கும். வழமையாகப் பாதிக் கதிரை வெறுமை. அங்கே வந்து எழும்பிப் பேசுங்கள். பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்ற கவலைக்கு அதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு: இரண்டாவது அணி ஒன்று போடலாம், ஆள்தான் இல்லை. சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் நிற்க ஒரு அப்பாவோ அம்மாவோ வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுங்கள்.