இறுக்கிக் கட்டினால் எலும்பு கூடுமா?

"ஏனுங்க டாக்டர், கட்டை இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் போட்டா வெரசாக் கூடிருமில்லீங்க?"

நாமக்கல்லில் லாரியிலிருந்து குதித்துக் கால் முறிந்தவரும் சரி, சேலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவரும் சரி, என்னிடம் கேட்பது இதைத்தான். எலும்பை உடைந்த நாற்காலிக் கால் மாதிரி நினைக்கிறோம். அது உயிருள்ள பொருள், ரத்தத்தைக் குடித்து வளர்வது!

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கசிந்து உறையும். அதைக் 'கெட்ட ரத்தம்' என்று உருவிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த உறைவுதான் அஸ்திவாரம். புது ரத்தக் குழாய்கள் அதற்குள் புகுந்து, இரண்டு மூன்று வாரத்தில் மெத்தென்று ஒரு பாலம் உண்டாகும். பிறகுதான் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படும். குழந்தையின் மணிக்கட்டுக்கு 4 முதல் 6 வாரம் போதும். பெரியவர்களின் முழங்கால் எலும்புக்குக் கீழே, கணுக்கால் பக்கம் முறிந்தால் நாலு மாதம்கூட ஆகலாம். அங்கே சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு.

நம்ம பக்கம் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது பழக்கம். காயக் காய அது கல்லாகும். உள்ளேயோ முதல் இரண்டு நாள் வீக்கம் ஏறும். வீக்கம் எங்கே போகும்? ரத்தக் குழாயைத்தான் நெரிக்கும். ஆறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் சதை செத்துவிடும்.

சில வருஷத்துக்கு முன் ராசிபுரம் பக்கமிருந்து 9 வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். புளியமரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறிவு. வேறோரிடத்தில் கட்டுப் போட்டு மூன்று நாளாகியிருந்தது. ராத்திரியெல்லாம் அழுதானாம். "கட்டு பிடிக்குது, அப்படித்தான் வலிக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். நான் பிரித்தபோது விரல்கள் சில்லிட்டிருந்தன. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நின்றுவிட்டன. இன்றும் அவனால் சட்டைப் பொத்தான் போட முடியாது. இறுக்கிய கட்டு கையை இப்படி முடக்கும் என்று ஜெர்மனியின் வோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் 1881-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் படிக்கவில்லை!

கட்டுப் போட்டதும் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். கட்டை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டியவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

வீட்டில் பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பில் வலி, நிற்க முடியவில்லை என்றால் எந்தக் கட்டும் உதவாது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் பந்து முனைக்குப் போகும் ரத்தக் குழாய்களே அறுந்துபோகலாம். அந்த முனை செத்துவிடும். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், அன்றைக்கே எலும்பு அறுவை மருத்துவரிடம் கொண்டு போங்கள். எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுப் போடுவதில்லை என்று எங்கள் ஆட்களும் உறுதி எடுக்க வேண்டும்.

பிரண்டைத் துவையல் சாப்பிடலாமா? தாராளமாக. ஆனால் அதன் சத்தும் ரத்தம் வழியாகத்தான் எலும்புக்குப் போக வேண்டும். கட்டுக் காலை நீட்டித் திண்ணையில் உட்கார்ந்து பீடி இழுக்கும் டிரைவர் தம்பிகளே, அந்தப் புகை சுருக்குவதும் அதே ரத்தக் குழாயைத்தான்.